ஹான்ஃபோர்ட்: பழத்தோட்டத்தில் விளைந்த புளூட்டோனியம்

1943 மார்ச் மாதம். அமெரிக்காவின் வடமேற்கே வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் இருந்த ஹான்ஃபோர்ட், ஒயிட் பிளஃப்ஸ் என்ற இரண்டு சிற்றூர்களுக்கு அரசிடமிருந்து கடிதங்கள் வந்தன. நிலத்தை அரசு எடுத்துக்கொள்கிறது, வீட்டைக் காலி செய்யுங்கள் என்றன அவை. பலருக்குக் கிடைத்த கெடு 30 நாள். எதற்காக என்ற விளக்கம் இல்லை. நேரில் கேட்டவர்களுக்கும் போர்த் தேவை என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. பக்கத்து ஊரான ரிச்லாந்தையும் சேர்த்து ஏறக்குறைய 1,500 பேர் தங்கள் இடத்தை இழந்தார்கள்.

அதற்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு கழித்து, 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகி மீது விழுந்த குண்டின் மையத்தில் இருந்த புளூட்டோனியம் அந்த உழவர்களின் நிலத்தில்தான் உருவானது. அணுகுண்டின் கதையைச் சொல்லும்போது லாஸ் அலமோஸ் ஆய்வகமும் அதன் இயக்குநர் ஓப்பன்ஹைமரும் முன்னால் வந்து நிற்கிறார்கள். குண்டுக்கான பொருளைச் செய்த ஊரும், அங்கே அதற்கு முன் வாழ்ந்தவர்களும், பின்னர் அதன் காற்றைச் சுவாசித்தவர்களும் பின்னுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த அறிவியலின் முழுக் கணக்கும் விளங்கும்.

ஆற்றை நம்பிய ஊர்கள்

காஸ்கேட் மலைத்தொடரின் மழைமறைவுப் பக்கத்தில் இருக்கிறது ஹான்ஃபோர்ட். ஆண்டுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர் மழைதான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சேஜ் புதர்களும் மணலும். அந்த வறண்ட நிலத்தின் நடுவே குளிர்ந்த நீரோடு ஓடுகிறது கொலம்பியா.

வானபம் என்ற பழங்குடியினர் பல தலைமுறைகளாக அந்த ஆற்றோடு வாழ்ந்தவர்கள். கடலிலிருந்து முட்டையிட ஏறி வரும் சால்மன் மீன்களைப் பிடித்து, காயவைத்து, குளிர்காலத்துக்குச் சேமிப்பார்கள். அருகிலுள்ள கேபிள் மலை அவர்களுக்குப் புனிதமானது. 1855இல் அந்த வட்டாரத்தின் யாக்கமா, உமடில்லா, நெஸ் பெர்ஸ் ஆகிய இனத்தவர் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நிலத்தைக் கொடுத்தாலும் வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வானபம் மக்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. அதனால் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலமும் இல்லை. ஆற்றங்கரையில் தங்கி வாழ்ந்துவந்தார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாசன நிறுவனங்கள் வந்தன. ஆற்று நீரை மேலேற்றிக் கால்வாயில் விட்டதும் மணல் தோட்டமானது. பாசனத்தில் முதலீடு செய்த நீதிபதி கொர்னீலியஸ் ஹான்ஃபோர்டின் பெயரில் ஒரு ஊர் எழுந்தது. 1913இல் ரயில் பாதை வந்தது. 1916இல் உயர்நிலைப் பள்ளிக்குக் கட்டடம் எழுந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு மாநில அரசு இங்கே நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. ஆப்ரிகாட், பீச், செர்ரி, ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி, அஸ்பாரகஸ் எல்லாம் விளைந்தன. ஆற்றங்கரையின் வெப்பத்தால் மற்ற இடங்களுக்கு முன்பே பழம் பழுத்து, சந்தைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சி இந்தக் குடும்பங்களைக் கடனில் தள்ளியது. போர் தொடங்கி விலை ஏறியபோதுதான் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தார்கள்.

எதனால் இந்த இடம்?

யுரேனியத்தில் இரண்டு வகை அணுக்கள் முக்கியமானவை. எளிதில் பிளவுறும் யுரேனியம்-235 இயற்கையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மீதி யுரேனியம்-238. அது ஒரு நியூட்ரானை விழுங்கினால் முதலில் நெப்டூனியமாகவும், சில நாட்களில் புளூட்டோனியம்-239 ஆகவும் மாறுகிறது. 1941இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் கிளென் சீபோர்க் குழுவினர் புளூட்டோனியத்தை அடையாளம் கண்டார்கள். அதுவும் பிளவுறும் பொருள் என்பது விரைவில் தெரிந்தது. யுரேனியம்-235ஐ அணு அணுவாகப் பிரிப்பதற்குப் பதில், யுரேனியம்-238ஐ உலையில் வைத்துப் புளூட்டோனியமாக்கி வேதியியல் முறையில் பிரித்துவிடலாம். குண்டுக்கு இது இரண்டாவது வழி.

1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மி உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட தொடர்வினையை நடத்திக் காட்டினார். அதற்கு 20 நாள் கழித்து, ராணுவப் பொறியாளர் ஃபிராங்க்ளின் மத்தியாஸ் விமானத்திலிருந்து ஹான்ஃபோர்ட் வட்டாரத்தைப் பார்த்தார். கையில் நிபந்தனைகளின் பட்டியல் இருந்தது: நிமிடத்துக்கு 25,000 கேலன், அதாவது சுமார் 95,000 லிட்டர் நல்ல நீர், 1,00,000 கிலோவாட் மின்சாரம், ரயில் வசதி, கனத்த கட்டடங்களைத் தாங்கும் தரை, 20 மைல் தூரத்துக்குள் 1,000 பேருக்கு மேல் வாழும் ஊர் இருக்கக் கூடாது. நீருக்குக் கொலம்பியா, மின்சாரத்துக்கு மேலே புதிதாகக் கட்டிய கிராண்ட் கூலி அணை, போக்குவரத்துக்குப் பழம் ஏற்றிப்போன ரயில் பாதை. எல்லாம் பொருந்தின. அந்தப் பட்டியலில் மக்களைப் பற்றி இருந்த நிபந்தனை, அவர்கள் சிலராக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான்.

வெளியேற்றம்

நிலத்துக்கு அரசு போட்ட விலையைப் பார்த்து உழவர்கள் கொதித்தார்கள். மரத்துக்கும், கிணற்றுக்கும், ஆண்டுக்கணக்கான உழைப்புக்கும் ஈடில்லாத தொகை அது. பலர் நீதிமன்றம் போனார்கள். ஜூரிகள் பல வழக்குகளில் தொகையை உயர்த்தித் தந்தார்கள். ஆனால் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பணம் கைக்கு வருமுன் வீட்டைவிட்டுப் போனவர்கள், போர்க்காலத்தில் ஏறிக்கிடந்த நில விலையில் வேறு தோட்டம் வாங்க முடியாமல் தவித்தார்கள். ஒயிட் பிளஃப்ஸ் கல்லறையில் புதைக்கப்பட்டவர்களையும் தோண்டியெடுத்துப் புராஸர் என்ற ஊரில் மறுபடி அடக்கம் செய்தார்கள்.

மரங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே காய்த்தன. பழத்தை வீணாக்கக் கூடாது என்று, மெக்நீல் தீவுச் சிறையிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து பறிக்கவைத்தது அரசு. வளர்த்தவர்கள் தங்கள் தோட்டத்துப் பழத்தைப் பறிக்க உள்ளே வர முடியவில்லை.

வானபம் தலைவர் ஜானி பக் மத்தியாஸைச் சந்தித்து மீன்பிடிக்க வழி கேட்டார். ஆரம்பத்தில் ராணுவ வாகனத்தில் அழைத்துப்போய் மீன்பிடிக்கவிட்டார்கள். பின்னர் அதுவும் நின்றது. நூற்றாண்டுகளாகப் போய்வந்த கரைக்கும், கேபிள் மலைக்கும் போகும் வழி அடைபட்டது.

காலியான ஹான்ஃபோர்டில் தொழிலாளர் முகாம் எழுந்தது. 1944 கோடையில் கட்டுமானப் பணியில் ஏறக்குறைய 45,000 பேர் இருந்தார்கள். தெற்கு மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்த கறுப்பினத் தொழிலாளருக்குத் தனிக் கொட்டகைகள் ஒதுக்கப்பட்டன. வாஷிங்டன் மாநிலத்தில் சட்டம் கேட்காத நிறப்பாகுபாடு முகாமில் நடைமுறையானது. சுமார் 250 பேர் வாழ்ந்த ரிச்லாந்து, போர் முடியும்போது 15,000 பேர் வாழும் அரசாங்க நகரமாகியிருந்தது. வீடுகளுக்கு ஏ, பி, சி என எழுத்து வரிசையில் மாதிரிகள். வாடகை, கடை, நிர்வாகம் எல்லாம் அரசின் கையில். 1950களின் பிற்பகுதி வரை அந்த ஊரில் யாருக்கும் சொந்த வீடு கிடையாது. என்ன தயாராகிறது என்று தெரிந்தவர்கள் மிகச் சிலர். வேலையைப் பற்றி வீட்டிலும் பேசக் கூடாது என்பது விதி.

பி உலை

டூபான்ட் நிறுவனம் கட்டிய முதல் பெரிய உலைக்கு ‘பி’ என்று பெயர். 1,200 டன் கிராஃபைட் கட்டைகளை அடுக்கி, அவற்றின் ஊடே 2,004 குழாய்களைச் செருகி, குழாய்களுக்குள் யுரேனியத் துண்டுகளை வைத்தார்கள். அணு பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரான் மிகுந்த வேகத்தில் பாயும். அந்த வேகத்தில் அது அடுத்த யுரேனியம்-235ஐப் பிளப்பது அரிது. கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் ஓரக்கட்டையில் பட்டால் வேகம் பெரிதும் குறையாமல் திரும்பும்; ஒரு காயில் பட்டால் தன் வேகத்தில் ஒரு பங்கைக் காய்க்குக் கொடுத்துவிடும். கனமான யுரேனிய அணுவில் மோதித் திரும்பும் நியூட்ரான் அதிக வேகம் இழப்பதில்லை. லேசான கார்பன் அணுக்களில் மோத மோத அது வேகம் குறைந்து, அடுத்த பிளவுக்குத் தகுதி பெறுகிறது. தொடர்வினை நிற்காமல் நடப்பது இதனால்தான். மிஞ்சும் நியூட்ரான்களில் ஒரு பகுதியை யுரேனியம்-238 விழுங்கிப் புளூட்டோனியமாகிறது.

250 மெகாவாட் வெப்பத்தை வெளியேற்ற, நிமிடத்துக்குச் சுமார் 2.8 லட்சம் லிட்டர் கொலம்பியா நீர் குழாய்களுக்குள் ஓடியது. வெளியே வந்த நீரைச் சில மணி நேரம் தேக்கத்தில் வைத்து மறுபடி ஆற்றில் விட்டார்கள். நீரில் இருந்த சாதாரணத் தாதுக்கள் உலைக்குள் நியூட்ரான்களை ஏற்றுக் கதிரியக்கப் பொருள்களாகியிருந்தன: பாஸ்பரஸ்-32, துத்தநாகம்-65, ஆர்சனிக்-76. ஆற்றுப் பாசி பாஸ்பரஸை ஈர்த்துக்கொள்ளும். பாசியைத் தின்னும் பூச்சியிலும், பூச்சியைத் தின்னும் மீனிலும் அது மேலும் செறியும். இந்த ஆபத்தை அரசு முதலிலேயே எண்ணிப் பார்த்திருந்தது. சால்மனுக்கு என்ன ஆகும் என்று அறிய, 1943இலேயே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லாரன் டொனால்ட்சன் தலைமையில் ரகசியமாக ஆய்வு தொடங்கியது. மீனைப் பற்றி யோசித்தவர்கள், மீனை உண்பவர்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

1944 செப்டம்பர் 26 இரவு பி உலை உயிர் பெற்றது. மறுநாளே சக்தி தானாகக் குறையத் தொடங்கி, மாலைக்குள் முழுதாக நின்றுபோனது. அதற்கடுத்த நாள் மறுபடி தானாக எழுந்து, மறுபடி படுத்தது. எங்கும் கசிவு இல்லை, பழுது இல்லை. இந்த எழுச்சியும் வீழ்ச்சியும் நடந்த கால இடைவெளியைக் கொண்டே இயற்பியலாளர் ஜான் வீலர் காரணத்தைக் கண்டுபிடித்தார். பிளவில் உண்டாகும் அயோடின்-135, சுமார் 6.6 மணி நேர அரை ஆயுளில் சிதைந்து செனான்-135 ஆகிறது. செனான்-135 நியூட்ரான்களை விழுங்குவதில் பேராசை கொண்டது. அது சேரச் சேரத் தொடர்வினைக்கு நியூட்ரான் மிஞ்சாமல் உலை அணைகிறது. உலை அணைந்தபின் சுமார் 9 மணி நேர அரை ஆயுளில் செனானும் சிதைந்து தீர்கிறது. உலை மறுபடி எழுகிறது.

தீர்வு உலைக்குள்ளேயே இருந்தது. இயற்பியலாளர்கள் 1,500 குழாய் போதும் என்று கணக்கிட்டிருந்தார்கள். டூபான்ட் பொறியாளர்கள், தெரியாத ஒன்றுக்கு இடம் வைக்க வேண்டும் என்று வற்புறுத்தி 504 குழாய்களைக் கூடுதலாக அமைத்திருந்தார்கள். அவற்றிலும் யுரேனியத்தை நிரப்பியதும் செனானின் பசியை மீறி உலை ஓடியது. அணு உலைகளைக் கட்டும் எல்லாரும் இன்றும் செனானைக் கணக்கில் வைத்தே வடிவமைக்கிறார்கள். அறியாமைக்கு இடம் விடுவது பொறியியலின் உயர்ந்த பண்பு; இங்கே அது முழுமையாக வெளிப்பட்டது.

புகைபோக்கியிலிருந்து பால் குவளைக்கு

உலையிலிருந்து எடுத்த யுரேனியத்தில் புளூட்டோனியம் மிகச் சிறிதளவே இருக்கும். அதைப் பிரிக்க, சுமார் 250 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் கட்டடங்களைக் கட்டினார்கள். உள்ளே கதிரியக்கம் கடுமையானது என்பதால் சுவருக்கு அப்பாலிருந்து பெரிஸ்கோப் வழியாகப் பார்த்து இயந்திரங்களை இயக்கினார்கள். 1945 பிப்ரவரி தொடக்கத்தில் முதல் புளூட்டோனியம் லாஸ் அலமோஸுக்குப் போனது. ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் சோதனை. ஆகஸ்ட் 9 அன்று நாகசாகி. சுமார் 6 கிலோ புளூட்டோனியம் கொண்ட அந்தக் குண்டால் அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 70,000 பேர் இறந்தார்கள். தாங்கள் எதைச் செய்துகொண்டிருந்தோம் என்பது ஹான்ஃபோர்ட் தொழிலாளருக்கே ஹிரோஷிமா மீது குண்டு விழுந்த செய்திக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆற்றின் மறுகரையில் வாழ்ந்தவர்களின் கதை இங்கே தொடங்குகிறது. பயன்படுத்திய யுரேனியத்தை அமிலத்தில் கரைக்கும்போது அயோடின்-131 வாயுவாக எழும். அதன் அரை ஆயுள் 8 நாள். யுரேனியத்தை மூன்று மாதம் ஆறவைத்துவிட்டுக் கரைத்தால் அயோடின் பெரும்பாலும் சிதைந்துபோயிருக்கும். போர் அவசரத்தில் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. வடிகட்டிகளும் முதலில் இல்லை. புகைபோக்கி வழியே வந்த அயோடின் காற்றில் போய்ப் புல்லில் படிந்தது. பசு புல்லைத் தின்றது. பாலில் அயோடின் இறங்கியது. குழந்தைகள் பாலைக் குடித்தார்கள். தைராய்டு சுரப்பிக்கு வேலை செய்ய அயோடின் வேண்டும். கதிரியக்க அயோடினையும் சாதாரண அயோடினையும் பிரித்தறிய அதற்குத் தெரியாது. குழந்தையின் சிறிய சுரப்பியில் அது செறிந்து தங்கி, உள்ளிருந்தே திசுவைத் தாக்கும்.

1944 முதல் 1957 வரை ஹான்ஃபோர்டிலிருந்து 7 லட்சம் கியூரிக்கும் மேலான அயோடின்-131 வெளியேறியதாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். ஒரு கிராம் ரேடியத்தின் கதிரியக்கம் ஏறக்குறைய ஒரு கியூரி. 1979இல் உலகையே பதறவைத்த திரீ மைல் ஐலண்டு அணு உலை விபத்தில் வெளியேறிய அயோடின்-131 சில பத்துக் கியூரிகளே. ஹான்ஃபோர்ட் வெளியேற்றத்தின் பெரும்பகுதி 1945இல் நடந்தது. நிலைய ஊழியர்கள் சுற்றுப்புறப் புல்லையும் கால்நடைகளையும் அளந்தார்கள். அளவுகள் கோப்புகளுக்குள் போயின.

1949 ஆகஸ்டில் சோவியத் யூனியன் தன் முதல் குண்டைச் சோதித்தது. சோவியத் ஆலைகளின் புகையைத் தொலைவிலிருந்து கண்டறிய முடியுமா என்று பார்க்க, டிசம்பர் 2 இரவு ஹான்ஃபோர்டில் ஒரு சோதனை நடந்தது. 16 நாள் மட்டுமே ஆறிய யுரேனியத்தை, வடிகட்டாமல், வேண்டுமென்றே கரைத்தார்கள். ஏறக்குறைய 8,000 கியூரி அயோடின்-131 காற்றில் கலந்தது. எதிர்பார்த்த வானிலையும் அமையவில்லை. அந்தக் காற்று வீசிய ஊர்களில் ஒருவருக்கும் அறிவிப்பு இல்லை. அடுத்த பத்தாண்டில் அதே காற்றுப் பாதையில், ஆற்றின் கிழக்கே, பெரிய பாசனத் திட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அங்கே பண்ணை நிலம் கிடைத்தது.

கோப்புகள் திறந்தபோது

பண்ணைக் குடும்பங்கள் தைராய்டு நோய்களையும், ஊனத்தோடு பிறந்த ஆட்டுக்குட்டிகளையும் பற்றிப் பேசத் தொடங்கின. குடிமக்களும் செய்தியாளர்களும் விடாமல் கேட்டதால் 1986 பிப்ரவரியில் அரசு சுமார் 19,000 பக்க ஆவணங்களை வெளியிட்டது. 40 ஆண்டுகளாக மறைந்திருந்த எண்கள் அவற்றில் இருந்தன. 1949 சோதனையும் அப்போதுதான் வெளியே தெரிந்தது.

பின்னர் 3,440 பேரிடம் நடத்திய தைராய்டு ஆய்வு 2002இல் முடிந்தது. கூடுதல் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் நோய் கூடுதலாக இருந்ததாகக் காட்ட முடியவில்லை என்றது அதன் முடிவு. பாதிக்கப்பட்டவர்கள் அதை ஏற்கவில்லை. இந்தச் சச்சரவை நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். குழந்தைப் பருவத்தில் உட்கொண்ட அயோடின்-131 தைராய்டு புற்றுநோயை உண்டாக்கும் என்பதைச் செர்னோபில் அணு உலை விபத்து ஐயமறக் காட்டியது. ஆனால் ஹான்ஃபோர்டில் 1945இல் எந்தக் குழந்தை எந்தப் பசுவின் பாலை எவ்வளவு குடித்தது என்பதை, 50 ஆண்டு கழித்து நினைவிலிருந்துதான் கட்ட வேண்டியிருந்தது. உரிய காலத்தில் மக்களிடம் சொல்லி, உரிய காலத்தில் பரிசோதித்திருந்தால், விடை எந்தப் பக்கம் இருந்தாலும் தெளிவாகக் கிடைத்திருக்கும். ரகசியம் மக்களின் உடல்நலத்தோடு அறிவியலின் சான்றையும் சேர்த்தே அழித்தது.

இன்னும் தீராத வேலை

போருக்குப் பிறகு உலைகள் 9 ஆகப் பெருகின. அமெரிக்க ஆயுதங்களுக்கான புளூட்டோனியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இங்கே உருவானது. கடைசி உலை 1987இல் நின்றது. மிஞ்சியவை: மண்ணுக்கடியில் 177 தொட்டிகள், அவற்றில் சுமார் 21 கோடி லிட்டர் கதிரியக்கக் கழிவு. அவற்றில் 149 ஒற்றைச் சுவர்த் தொட்டிகள்; சில பத்தாண்டு தாங்கினால் போதும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை. பல கசிந்துவிட்டன. கழிவைக் கண்ணாடிக் கூழோடு சேர்த்து 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, எஃகுக் கலங்களில் உறையவைப்பதுதான் திட்டம். கண்ணாடியாக உறைந்த கழிவு நீரில் எளிதில் கரையாது. அதற்கான ஆலையின் கட்டுமானம் 2002இல் தொடங்கியது. தூய்மைப் பணி இன்னும் பல பத்தாண்டு நீளும். புளூட்டோனியம்-239இன் அரை ஆயுள் 24,100 ஆண்டு.

பி உலை 2015 முதல் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி. ஹான்ஃபோர்ட் பள்ளியின் வெற்றுச் சுவர்களும், ஒயிட் பிளஃப்ஸ் வங்கிக் கட்டடமும் எஞ்சியிருக்கின்றன. வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் போருக்குப் பின் ஆண்டுதோறும் கூடி, இல்லாத ஊரின் உறவைக் காத்துவந்தன. வானபம் மக்கள் கொலம்பியா ஆற்றின் பிரீஸ்ட் ரேப்பிட்ஸ் அருகே இன்றும் வாழ்கிறார்கள்.

அணுவைப் பிளக்கும் அறிவு ஹான்ஃபோர்டில் இரண்டே ஆண்டில் ஆலையாகியது. அந்த ஆலையின் சுற்றுப்புறத்தில் அளந்த எண்கள் மக்களிடம் வந்துசேர 40 ஆண்டு ஆனது. போர்க்காலத்தில் ரகசியம் தேவைப்பட்டது என்ற வாதம் 1945 வரைக்கும் பொருந்தலாம்; அதற்குப் பின் நாற்பதாண்டு மௌனத்துக்கு அது பதிலாகாது. ஓர் ஊரின் நிலத்தையும் நீரையும் காற்றையும் ஆய்வுக்கும் தொழிலுக்கும் எடுத்துக்கொள்வோர், அங்கே வாழ்வோரிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அளந்த எண்கள் அளந்த அன்றே அந்த மக்களுக்கும் சொந்தம். எந்த நாட்டில், எந்தத் திட்டம் வந்தாலும் நாம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: யார் அளக்கிறார்கள், அந்த அளவுகள் எங்கே, எப்போது வெளியாகும்?